வீட்ல ஒருத்தருக்கு கேன்சர்னு தெரிஞ்சா அவர்கிட்ட சொல்றதா மறைக்கிறதா, எது சரின்னு முடிவு பண்றது எப்படி

அப்பாவையும் கூட்டிட்டுதான் டாக்டர் ரூமுக்குள்ள போனோம். ஸ்கேன் ரிப்போர்ட்ட பாத்ததும் டாக்டர் "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க"ன்னார், அப்பாவும் துண்ட தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சு போய்ட்டார், கதவ சாத்தினதும் எங்ககிட்ட சொன்னாங்க, கணையத்துல கேன்சர், கல்லீரலுக்கும் பரவிடுச்சு, ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிடுச்சுன்னு. அடுத்த கேள்வியே "அவர்கிட்ட சொல்லப்போறீங்களா?"ங்கிறதுதான். நானும் தம்பியும் சித்தப்பாவும் ஒரே குரல்ல "வேண்டாம் டாக்டர்"னோம். யோசிக்க அஞ்சு செகண்டு கூட எடுத்துக்கல. வெளிய வந்து அப்பாகிட்ட மஞ்சக்காமாலை, கூடவே கொஞ்சம் அல்சர், உள்ள ஒரு ட்யூப் வச்சா ரெண்டு மாசத்துல சரியாயிடும்னு சொல்லிட்டோம்.

அந்த அஞ்சு செகண்ட பத்திதான் இத எழுதறேன். சொல்றது சரியா மறைக்கிறது சரியான்னு தீர்ப்பு சொல்ல வரல, ரெண்டுமே சரியா இருந்த வீட்ட நான் பாத்திருக்கேன். ஆனா எப்படி முடிவு பண்றதுங்கிறதுல ஒரு முறை இருக்கு, அத நாங்க ஒரு தடவ தப்பா பண்ணி, ரெண்டாவது தடவ வேற ஒருத்தருக்கு கொஞ்சம் ஒழுங்கா பண்ணோம், அதுல கத்துக்கிட்டதெல்லாம் கீழ இருக்கு.

அன்னைக்கே முடிவு எடுக்காதீங்க

நாம எல்லாரும் நெனச்சிட்டு இருக்கோம், முதல்ல யோசிக்கிறோம், அப்புறம் இது சரி இது தப்புன்னு முடிவுக்கு வர்றோம்னு. பெரும்பாலும் அது தலைகீழ். மனசு முதல்ல பட்டுனு ஒரு பக்கம் சாஞ்சிடுது, அப்புறம் வாய் அதுக்கு காரணம் தேடுது. ஜோனதன் ஹெய்ட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 2001ல இதத்தான் விளக்கி எழுதினார், நியாய அநியாயத்துல உணர்வுதான் முன்னாடி ஓடுது, அறிவு பெரும்பாலும் பின்னாடி வந்து அதுக்கு வக்காலத்து வாங்குதுன்னு. எங்க வீட்ல அச்சு அசலா அதான் நடந்துச்சு. "வேண்டாம்"னு சொல்லியாச்சு, அப்புறம் லிஃப்ட்ல எறங்கும்போதுதான் ஏன் வேண்டாம்னு ஒவ்வொருத்தரா காரணம் சொல்ல ஆரம்பிச்சோம், அதுல ஒருத்தர் சொன்ன காரணம் இன்னொருத்தருக்கு பொருந்தவே இல்ல, ஆனா முடிவு மட்டும் ஒண்ணு.

அந்த முதல் உணர்வு பொய்னு சொல்ல மாட்டேன், அதுல பாசம் இருக்கு. ஆனா அது பயத்தோட சேர்ந்து வர்ற பாசம், அத வச்சு உடனே முடிவு பண்ணக்கூடாது. அதனால டாக்டர் கேட்டா இப்படி சொல்லுங்க: "ரெண்டு நாள் டைம் குடுங்க டாக்டர், அதுவரைக்கும் அவர்கிட்ட வேற வியாதி பேர் எதுவும் சொல்லிடாதீங்க." வெளிய உக்காந்திருக்கிறவர் என்னாச்சுன்னு கேப்பார், அதுக்கும் உண்மையாவே ஒரு பதில் இருக்கு: "டாக்டர் இன்னும் கொஞ்சம் பேசணும்னு சொல்லிருக்கார்ப்பா, நாளான்னிக்கு சேர்ந்து போவோம்." இதுல பொய் இல்ல. முதல் பொய்ய மட்டும் சொல்லிடாதீங்க, ஏன்னா அல்சர்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அதுக்கு ஏத்த மாத்திரை, அதுக்கு ஏத்த பத்தியம், ரிப்போர்ட்ட எங்க ஒளிச்சு வைக்கிறது, பாக்க வர்ற சொந்தக்காரங்களுக்கெல்லாம் வாசல்லயே பாடம் எடுக்கிறதுன்னு அது தெனம் வளரும், நாங்க ஒரு கட்டத்துல ஆஸ்பத்திரி ஃபைலோட அட்டைய கிழிச்சிட்டு வேற அட்டை போட்டோம், அதுல கேன்சர் பிரிவுன்னு அச்சடிச்சிருந்ததால.

யாருக்காக மறைக்கிறீங்கன்னு எழுதிப்பாருங்க

ஒரு பேப்பர் எடுத்து மறைக்கிறதுக்கான காரணத்தெல்லாம் எழுதுங்க, நெஜமாவே எழுதுங்க, மனசுக்குள்ள ஓட்டிப்பாக்கிறது போதாது. தாங்க மாட்டார். சாப்பிடறத விட்ருவார். சொன்னா ஒரே வாரத்துல போய்டுவார். அம்மா உடைஞ்சு போய்டுவாங்க. ஊருக்கு தெரிஞ்சிடும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கோம். நான் எப்படி அவர் மூஞ்சிய பாப்பேன்.

இப்ப ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இது அவருக்காகவா எனக்காகவான்னு ஒரு குறி போடுங்க. இத நான் அப்பா போன பிறகுதான் பண்ணிப்பாத்தேன், எனக்கு வந்த ஆறு காரணத்துல நாலு என்னோட பயம். அவர் அழுது நான் பாத்ததே இல்ல, அத பாக்க எனக்கு தைரியம் இல்ல, அதுக்கு "அப்பா தாங்க மாட்டார்"னு பேர் வச்சிருக்கேன். நம்ம பயத்த வச்சு முடிவு எடுக்கிறது பெரிய குத்தம் ஒண்ணும் இல்ல, நாமும் மனுஷங்கதான், ஆனா அத அவரோட நல்லதுன்னு சொல்லிக்கிட்டா அங்கயே கணக்கு தப்பாயிடுது.

இன்னொரு கேள்வியும் அதே பேப்பர்ல எழுதுங்க: இது எனக்கு வந்திருந்தா எனக்கு தெரியணுமா? நான் தெரிஞ்சவங்க நிறைய பேர்கிட்ட கேட்டிருக்கேன், அநேகமா எல்லாரும் "ஆமா, எனக்குன்னா தெரியணும், பாங்க்ல இருக்கிறது, பிள்ளைங்க படிப்பு எல்லாம் பாக்கணும்ல"ன்னு சொல்றாங்க, அதே ஆளு அவங்க அப்பாவுக்குன்னா "ஐயோ சொல்லக்கூடாது"ங்கிறாங்க. அப்பாவுக்கும் அதே மாதிரி பாக்க வேண்டிய வேலை இருக்கும்னு நமக்கு தோணவே மாட்டேங்குது, வயசாயிட்டா அவங்க உலகமே நம்மள சுத்தி மட்டும்தான்னு எடுத்துக்கறோம். ஆனா இந்தக் கேள்விய வச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. எனக்கு தெரியணும்ங்கிறதால அவருக்கும் தெரியணும்னு அர்த்தம் இல்ல, அதுக்கு கீழ வர்றேன்.

நீங்க நம்புறது நெஜமான்னு பாருங்க

சரி தப்புன்னு நாம சண்டை போடுற விஷயங்கள்ல பாதி, உண்மையிலேயே நெலவரம் பத்தின சண்டை. "சொன்னா அந்த அதிர்ச்சியிலேயே போய்டுவார்"ங்கிறது நெஜம்னா மறைக்கிறதுதான் கருணை. நெஜம் இல்லைன்னா அதே மறைக்கிறது வேற மாதிரி ஆயிடும். அப்ப முதல்ல அது நெஜமான்னு பாக்கணும்ல.

இந்த பயம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம்னு நினைக்காதீங்க. அமெரிக்க டாக்டர்கள் சங்கம் 1847ல போட்ட நடத்தை விதியிலயே, டாக்டரோட செய்கையால மட்டும் இல்ல, அவர் பேசுற பேச்சாலயும் நோயாளியோட ஆயுசு குறையலாம்னு எழுதி வச்சிருந்தாங்க. ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோ 1989 ஜனவரியில செத்துப்போனார், அவருக்கு முன் சிறுகுடல்ல கேன்சர், நாட்டுக்கே ராஜா, ஆனா அவர்கிட்ட கடைசி வரைக்கும் சொல்லல. 1961ல சிக்காகோவுல ஒரு ஆஸ்பத்திரி டாக்டர்கள்கிட்ட கேட்டப்போ 90 சதவீதம் பேர் கேன்சர்னு நோயாளிகிட்ட சொல்லாம இருக்கிறதுதான் எங்க வழக்கம்னாங்க. பதினெட்டு வருஷம் கழிச்சு 1979ல இன்னொரு அமெரிக்க ஆஸ்பத்திரியில அதே மாதிரி கேட்டப்போ 97 சதவீதம் பேர் சொல்லிடுவோம்னாங்க. அதுக்குள்ள மனுஷங்க எல்லாம் திடீர்னு நல்லவங்களாவோ கெட்டவங்களாவோ மாறிடல. நடுவுல வைத்தியம் வளந்துச்சு, கீமோ ரேடியேஷன்னு குடுக்க ஏதோ இருந்துச்சு, அத குடுக்கணும்னா நோயாளியோட ஒத்துழைப்பு வேணும், நோயாளிய கேக்காம எதுவும் செய்யக்கூடாதுங்கிற எண்ணமும் பலமாச்சு, அதோட சொல்லிப்பாத்த எடத்துல எல்லாம் ஜனங்க பொட்டுனு விழுந்துடலங்கிறதையும் டாக்டர்கள் கண்ணால பாத்தாங்க. நெலவரம் மாறினதும் சரியும் மாறுச்சு.

அதுக்காக பயத்துக்கு ஆதாரமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். சொன்னதுக்கு அப்புறம் ஆள் சில நாள் சுருண்டுதான் படுப்பாங்க, தூக்கம் போகும், சிலருக்கு மன அழுத்தம் பெருசாகி வாழவே வேண்டாம்ங்கிற எண்ணம் வர்றதும் உண்டு, அதனால சொன்ன பிறகு முதல் சில வாரம் தனியா விடக்கூடாது, ஏற்கனவே மனநலத்துக்கு மாத்திரை எடுக்கிறவங்கன்னா அந்த டாக்டரையும் கலந்துக்கணும். இதெல்லாம் எப்படி சொல்றதுங்கிறதுல கவனிக்க வேண்டியது.

டாக்டர்கிட்ட கேட்டு தெரிஞ்சுக்க வேண்டியத ஒரு நோட்ல எழுதிட்டு போங்க. எந்த எடத்துல, எவ்ளோ பரவியிருக்கு, என்ன வைத்தியம் இருக்கு, அந்த வைத்தியம் குணமாக்கவா இல்ல நாள தள்ளிப்போடவா இல்ல வலி தெரியாம வச்சுக்கவா. "ஒண்ணும் பண்ண முடியாது வீட்டுக்கு கூட்டிட்டு போங்க"ன்னு சொன்னா அத அப்படியே நம்பிடாதீங்க, குணமாக்க முடியாதுங்கிறதும் ஒண்ணும் பண்ண முடியாதுங்கிறதும் வேற வேற. வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கு, அது முன்னாடி ஆஸ்பத்திரிகள் வாங்கி வைக்கவே மாநிலத்துக்கு ஒரு சட்டம், ஏகப்பட்ட லைசென்ஸ்னு அலைய வேண்டியிருந்துச்சு, 2014ல போதைப்பொருள் சட்டத்த திருத்தின பிறகு அந்த கெடுபிடி கொறஞ்சிருக்கு. கேரளாவுல 1993லயே கோழிக்கோட்டுல இந்த வலி தணிப்பு வைத்தியத்த ஆரம்பிச்சு ஊர் ஊரா வீட்டுக்கே போய் பாக்கிற அளவுக்கு கொண்டு வந்துட்டாங்க. நம்ம பக்கம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துலயும் படுத்த படுக்கையா இருக்கிறவங்கள வீட்ல வந்து பாக்கிற ஏற்பாடு இருக்கு, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. இதெல்லாம் ஏன் இங்க சொல்றேன்னா, "சொல்லி என்ன ஆகப்போகுது"ங்கிற கேள்விக்கு பதில் இதுலதான் இருக்கு. சொல்லும்போது கூடவே "வலி வந்தா இத பண்ணலாம்"னு சொல்ல முடிஞ்சா, அது வேற பேச்சாயிடுது.

குறள் சொல்லி முடிச்சுடாதீங்க

ஆஸ்பத்திரி வராண்டாவுல சித்தப்பா சொன்னார், "வள்ளுவரே சொல்லிருக்கார்மா, பொய்மையும் வாய்மை யிடத்தன்னு." அதோட எங்க எல்லாருக்கும் மனசு லேசாயிடுச்சு. வீட்டுக்கு வீடு இத நான் கேட்டிருக்கேன், அதனால இந்த எடத்துல கொஞ்சம் நிக்கலாம்.

அந்த குறள் முழுசா என்ன சொல்லுது? பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின். 'எனின்'னு ஒரு நிபந்தனை கடைசில நிக்குது, நடுவுல 'புரைதீர்ந்த'ன்னு ஒரு சொல் நிக்குது. புரைன்னா குத்தம், ஓட்டை. குத்தமே இல்லாத, ஓட்டை இல்லாத நன்மை தந்தா மட்டும்தான் பொய் உண்மையோட எடத்துல வந்து உக்காரலாம். நாம சொல்ற பொய்யால யாருக்கு என்ன கெடுதலும் வராதுன்னு உறுதியா தெரியணும், அது சின்ன நிபந்தனை இல்ல. அதுக்கு அடுத்த குறளே தன்நெஞ் சறிவது பொய்யற்க, பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்ங்கிறது. 292 சொல்றவங்க 293 சொல்றதில்ல. ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கு, ரெண்டையும் சேர்த்துதான் படிக்கணும்னு நான் நினைக்கிறேன்.

இதுக்கு நேர் எதிர் பக்கத்துல ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் நிக்கிறார். 1797ல ஒரு கட்டுரையில, உங்க நண்பர கொலை பண்ண ஒருத்தன் தேடி வந்து அவர் வீட்டுக்குள்ள இருக்காரான்னு கேட்டா கூட பொய் சொல்லக்கூடாதுன்னுட்டார். எனக்கு அது ஏத்துக்க முடியல, கொலைகாரனுக்கு நான் உண்மை கடன்பட்டிருக்கேன்னு எந்த காலத்துலயும் சொல்ல மாட்டேன். ஆனா அதே கட்டுரையில அவர் சொல்ற இன்னொண்ணு என்னை விடவே இல்ல: நீ பொய் சொன்னா, அதுல இருந்து நீ எதிர்பார்க்காத எது வந்தாலும் அதுக்கு நீதான் பொறுப்பு. உண்மை சொல்லி ஒண்ணு நடந்தா அது நடந்தது. பொய் சொல்லி ஒண்ணு நடந்தா அத நடத்தினது நீ.

எங்கப்பா டெய்லர். நாப்பது வருஷம், ஒரே கடை, ரெண்டு மெஷின், காஜா போட ஒரு பையன். அவர பத்தி ஊர்ல ஒரே பேச்சுதான், சொன்ன தேதிக்கு துணி குடுத்துடுவார்ங்கிறது, தீபாவளிக்கு முந்தின ராத்திரி ரெண்டு மணிக்கு மிதிச்சிட்டு இருப்பாரே தவிர நாளைக்கு வாங்கன்னு ஒருத்தர திருப்பி அனுப்பினது இல்ல. ஜனவரியில நாங்க சொன்னோம், ரெண்டு மாசத்துல சரியாயிடும்னு. அவர் நம்பினார். நாங்க சொன்னா நம்பாம? ஜூன்ல ஸ்கூல் தொறக்குது, மார்ச் ஏப்ரல்லயே யூனிபார்ம் துணியோட ஜனங்க வீட்டுக்கு வருவாங்க, அவர் கட்டில்ல உக்காந்தபடியே பிள்ளைங்கள நிக்க வச்சு டேப் பிடிச்சு அளவு எடுத்து நோட்ல எழுதி அட்வான்ஸ் வாங்கினார். நான் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தேன். அவருக்கு ஜூன் வராதுன்னு எனக்கு தெரியும். வேலை பாத்தா மனசு தெம்பா இருக்கும்னு நாங்க விட்டுட்டோம், அதையும் அவர் நல்லதுக்குன்னுதான் சொல்லிக்கிட்டோம். ஒரு வாக்கு தவறாத மனுஷன, முப்பது நாப்பது பேருக்கு நிறைவேத்த முடியாத வாக்கு குடுக்க வச்சது நாங்கதான். பொய்ய நாங்க சொன்னோம், வாக்கு தவறினது அவர் பேர்ல ஏறுச்சு. புரைதீர்ந்தன்னா என்னன்னு எனக்கு அந்த நோட்ட பாத்துதான் புரிஞ்சுது.

அதனால மறைக்கலாம்னு தோணினா உக்காந்து இத யோசிங்க: இத நம்பி அவர் என்னென்ன முடிவு எடுப்பார்? யாருக்கு பணம் குடுப்பார், யாருக்கு நாள் குறிப்பார், எந்த கடன தள்ளிப்போடுவார், யார்கிட்ட பேசாம விட்ருவார், எந்த கோயில அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விடுவார்? அவர் சாவு பத்தின பொய்னு நாம நினைக்கிறோம், ஆனா அவர் மிச்சம் வாழப்போற ஒவ்வொரு நாளும் அது மேலதான் நிக்கும்.

அவரையே கேளுங்க

இதான் முக்கியம், இத மட்டும் படிச்சாலும் போதும். சொல்றதா வேண்டாமான்னு மத்தவங்க எல்லாம் கூடி முடிவு பண்றதுக்கு முன்னாடி, எவ்ளோ தெரிஞ்சுக்கணும்னு அவருக்கு இஷ்டம்னு அவரையே கேக்கலாம். இது எனக்கு தோணின யோசனை இல்ல, கெட்ட செய்தி சொல்றதுக்கு கேன்சர் டாக்டர்களுக்கு 2000ல ஆறு படியா ஒரு முறை எழுதினாங்க, உலகம் பூரா அத சொல்லித்தர்றாங்க, அதுல விஷயத்த சொல்றது நாலாவது படிதான். அதுக்கு முன்னாடி தனியா ஒரு எடம் பாத்து உக்காரணும், அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும்னு கேக்கணும், எவ்ளோ தெரியணும்னு கேக்கணும். சொன்ன பிறகு அவர் மனசு படற பாட்ட கூட இருந்து வாங்கிக்கணும், அடுத்து என்ன செய்யலாம்னு சேர்ந்து பேசணும்.

நம்ம வீட்டு பேச்சுல அது எப்படி இருக்கும்னா, காலைல, அவர் கொஞ்சம் தெம்பா இருக்கிற நேரத்துல, டிவிய நிறுத்திட்டு, ரெண்டு பேருக்கு மேல இல்லாம உக்காருங்க. "அப்பா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" இத கேட்டுட்டு வாய மூடிக்கணும், ரொம்ப கஷ்டம், நமக்கு கை பரபரன்னும், ஆனா மூடிக்கணும். நிறைய பேர் இந்த எடத்துலயே சொல்லிடுவாங்க, "பெருசா ஏதோ இருக்குன்னு தெரியும், நீங்க அழுவீங்கன்னு நான் கேக்கல"ன்னு. அடுத்து: "டாக்டர் எல்லாத்தையும் உங்ககிட்டயே நேரா சொல்லட்டுமா, இல்ல எங்ககிட்ட சொன்னா போதுமா?" இதுல எந்த வியாதி பேரும் இல்ல, எந்த பொய்யும் இல்ல. பதில் அவருது.

ரெண்டு வருஷம் கழிச்சு எங்க அத்தைக்கு கர்ப்பப்பையில வந்தப்போ இத அப்படியே கேட்டோம். அத்தை கொஞ்ச நேரம் முந்தானைய சுருட்டிட்டே இருந்தாங்க, அப்புறம் "என்கிட்ட எதுவும் சொல்லாத கண்ணு, உங்க மாமாகிட்ட பேசிக்கோங்க, மாத்திரை எப்ப போடணும், ஆஸ்பத்திரிக்கு எப்ப போகணும்னு மட்டும் சொல்லு, நான் வர்றேன்"னாங்க. சரின்னு விட்டுட்டோம். அப்பாவுக்கு மறைச்சோம், அத்தைக்கும் சொல்லல, வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். ஆனா அத்தை தெரிஞ்சுக்க வேண்டாம்னு தானே முடிவு பண்ணாங்க, அப்பாவுக்கு நாங்க பண்ணோம். எல்லாத்தையும் சொல்லியே தீரணும்னு சிலர் பிடிவாதமா இருக்காங்க, கேக்காதவங்க மேல உண்மைய கொட்டறதும் ஒரு வகையில அவங்க விருப்பத்த மிதிக்கிறதுதான்னு எனக்கு படுது. அத்தைகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வச்சோம், "எப்ப வேணாலும் கேளுங்க, கேட்டா சொல்லிடுவோம், பொய் சொல்ல மாட்டோம்." கதவ சாத்தி வச்சோம், பூட்டல.

சொல்லாம இருக்கிறதுக்கும் பொய் சொல்றதுக்கும் நடுவுல நிறைய எடம் இருக்குங்கிறது இதுல புரியும். கட்டின்னு சொல்லலாம், கொஞ்சம் மோசமான கட்டின்னு சொல்லலாம், பேர் சொல்லாம வைத்தியம் மட்டும் பேசலாம், இன்னைக்கு பாதி அடுத்த வாரம் பாதி சொல்லலாம். ஆனா நேருக்கு நேர் கண்ண பாத்து "எனக்கு கேன்சராம்மா?"ன்னு கேட்டா இல்லைன்னு சொல்லாதீங்க. அது ஒண்ணுதான் என்னால எந்த பக்கம் திருப்பிப்பாத்தும் நியாயப்படுத்த முடியாதது. எத்தனை நாள்னு கேட்டா மட்டும் நம்பர் சொல்ல வேண்டியதில்ல, டாக்டராலயே அத கரெக்டா சொல்ல முடியாது.

யார் பேச்சு எடுபடுதுன்னு கவனிங்க

வீட்ல எது சரின்னு முடிவு பண்றது பெரும்பாலும் சரியான காரணம் சொன்னவங்க இல்ல, சத்தமா சொன்னவங்க. பெரியவர் ஒருத்தர், இல்லைன்னா வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்புற பிள்ளை, போன்லயே "யாரும் வாய தொறக்கக்கூடாது"ன்னு சொல்லிடுவாங்க. அந்த பொய்ய தெனமும் சொமக்கிறது வேற ஆளு. சோறு ஊட்டி, பெட்பேன் வச்சு, ராத்திரி மூணு மணிக்கு "ஏன்மா இந்த காமாலை இறங்கவே மாட்டேங்குது"ங்கிற கேள்விக்கு பதில் சொல்றது அம்மாவோ மருமகளோ மகளோதான். கூட்டம் போட்டு பேசினா அவங்கள முதல்ல பேச விடுங்க. எங்க வீட்ல அம்மாவ யாருமே கேக்கல, நானும் கேக்கல. அம்மா நாலு மாசம் அப்பாகிட்ட பேசறதையே கொறைச்சுக்கிட்டாங்க, வாய் தவறி வந்துடுமோங்கிற பயத்துல. அப்பா அத கோவம்னு நினைச்சுக்கிட்டார்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். சுய நினைவோட இருக்கிற பெரியவங்களுக்கு வைத்தியம் பண்ணணும்னா அவங்க சம்மதம்தான் வேணும், அந்த சம்மதம் விவரம் தெரிஞ்சு குடுத்ததா இருக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2008லயே தெளிவா சொல்லிடுச்சு. அப்புறம் 2018 மார்ச் 9ல, குணமாக வழியில்லாத கட்டத்துல செயற்கையா உயிர இழுத்துப்பிடிக்க வேண்டாம்னு ஒருத்தர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு, 2023 ஜனவரியில அத இன்னும் சுலபமாக்கி, ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி இல்ல கெஜட்டட் ஆபீசர் முன்னாடி கையெழுத்து போட்டா போதும்னு ஆக்கிட்டாங்க. வென்டிலேட்டர் வேணுமா வேண்டாமான்னு ஐசியூ வாசல்ல நின்னு நீங்க அடிச்சுக்க வேண்டியதில்ல, அவரே சொல்லிட்டு போகலாம். ஆனா தனக்கு அல்சர்னு நம்பிட்டு இருக்கிறவர் அத எழுத உக்காருவாரா?

ஏற்கனவே மறைச்சாச்சுன்னா

இத படிக்கிறவங்கள்ல பல பேர் இந்த எடத்துலதான் இருப்பீங்க, சொல்லாம மாசமாயிடுச்சு, இப்ப எப்படி திரும்புறதுன்னு. திரும்பலாம். முதல்ல வீட்ல மத்தவங்ககிட்ட சொல்லிடுங்க நான் பேசப்போறேன்னு, திடீர்னு பண்ணா சண்டையில முடியும். டாக்டர்கிட்டயும் சொல்லி வைங்க. மன்னிப்புல ஆரம்பிக்காதீங்க, அப்படி ஆரம்பிச்சா அவர் உங்கள தேத்த ஆரம்பிச்சிடுவார், பேச்சு உங்கள பத்தினதாயிடும். அதே கேள்வியில ஆரம்பிங்க, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு. அவர் கேக்க கேக்க சொல்லுங்க. ஏன் மறைச்சீங்கன்னு கேட்டா, பயந்துட்டோம்னு உண்மைய சொல்லுங்க, உங்க நல்லதுக்குன்னு சொல்லாதீங்க. கோவப்பட்டா வாங்கிக்கோங்க, அந்த கோவத்துக்கு அவருக்கு உரிமை இருக்கு.

நான் அப்பாகிட்ட சொன்னது மே மாசம் நடுவுல ஒரு காலைல. "உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்கப்பா"ன்னு கேட்டேன். ஜன்னல பாத்துட்டே ரொம்ப நேரம் இருந்தார், அப்புறம் "அல்சர் இல்ல"ன்னார். இல்லப்பான்னேன். பேர சொன்னேன். அழுவார்னு நான் நாலு மாசமா பயந்துட்டு இருந்தேன்ல, அவர் அழல, "ஜூனுக்குள்ள எந்திரிக்க மாட்டேனா"ன்னு கேட்டார். சொல்ல முடியாம தலைய ஆட்டினேன். "அந்த அளவு நோட்ட எடு"ன்னார்.

ரெண்டு நாள் எடுத்துச்சு. அவர் பேர் பேரா சொல்ல சொல்ல நான் எழுதினேன், யார் வீடு எங்க, எவ்ளோ அட்வான்ஸ், எந்த துணி வெட்டியாச்சு எது வெட்டல, வெட்டினத பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற இன்னொரு டெய்லர்கிட்ட குடுத்தா எப்படி முடிக்கணும்னு, ஒரு பையனுக்கு மட்டும் ட்ரவுசர்ல ரெண்டு இஞ்சு மடிச்சு வைக்க சொல்லு வளர்ற பையன்னு. நடுவுல அம்மா வந்து பக்கத்துல உக்காந்தாங்க, நாலு மாசத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கிட்டாங்க, நான் எந்திரிச்சு வெளிய போய்ட்டேன். அதுக்கு அப்புறம் பதினோரு நாள் இருந்தார்.

நோட்ல முப்பத்தெட்டு பேர். முப்பத்தோரு பேருக்கு துணியும் பணமும் ஸ்கூல் தொறக்கிறதுக்குள்ள குடுத்துட்டோம். மீதி ஏழு பேருக்கு அளவு மட்டும்தான் எழுதியிருந்தார், வீடு எங்கன்னு அவருக்கும் அப்ப ஞாபகம் வரல, அந்த துணியெல்லாம் இன்னும் பீரோ கீழ் தட்டுலதான் இருக்கு, யாராவது கேட்டு வந்தா குடுக்க.